சாருக்கு ஒரு ரோஸ் மில்க்

ஓஸ்வால்ட்! சாருக்கு ஒரு ரோஸ் மில்க் கொண்டுவாப்பா. பெரிய க்ளாஸ்ல!

கேட்டிருக்கும். படிக்கட்டுக்குக் கீழ நின்னு தொண்டை கிழியக் கத்தினாத்தான் மேல கேக்கும், அவ்வளவு சத்தம் அங்க. நீங்க உக்காருங்க சார். அந்த நாற்காலி வேணாம், பிரம்பு அறுந்து போச்சு. இதுல உக்காருங்க. ஃபேன் போடறேன். ஆமாமா, வாசல்ல நின்னு நீங்க சொன்னதெல்லாம் கேட்டுக்கிட்டேன். உங்க பேரு உத்தமன். குடியாத்தத்துல போஸ்ட்மாஸ்டரா இருந்து ரிடையர் ஆனவர். பையன் பேரு ரகுராம், இருபத்தேழு வயசு, இங்க சாஃப்ட்வேர் கம்பெனில வேலை. வர்ற வெள்ளிக்கிழமை அவனுக்கு நிச்சயதார்த்தம். பத்து நாளா போன் எடுக்க மாட்டேங்கறான், ரூமுக்குப் போய்க் கேட்டா கூட இருக்கிற பையன் இந்த விலாசத்தை எழுதிக் கொடுத்தான். சரிதானே?

போட்டோவைப் பையில வைங்க, கை வேர்வைல நனையுது. எனக்குத் தெரியும் அவனை. ஞாயித்துக்கிழமை ஆனா வருவான். இன்னும் வரல. நாலரை, அஞ்சு ஆகும் அவன் வர. வரட்டும், இந்த வாசல் வழியாத்தானே வந்தாகணும்.

பாருங்க, மேல பாட்டைக் குறைச்சுட்டாங்க. பெரியவங்க வந்திருக்காங்கன்னு அந்த மட்டுக்காவது மரியாதை இருக்கு.

இல்ல சார், நீங்க மேல போக வேணாம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். படி செங்குத்து, ஏறினா முழங்கால் மூணு நாளைக்குப் பேசும். ஏறிக் கதவைத் திறந்தாலும் உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. இருட்டு. மத்தியானம் மூணரை மணிக்கு எப்படி இருட்டுன்னு கேளுங்க. ஜன்னலுக்கெல்லாம் கறுப்புக் கம்பளி தொங்க விட்டிருக்கான் ஓஸ்வால்ட். வெளில வெயில் கொளுத்துது, மல்லேஸ்வரமே சாப்பிட்டுட்டுப் படுத்துக் கிடக்கு, இவங்க கம்பளியைக் கட்டி அதுக்குள்ள ஒரு ராத்திரியைத் தயார் பண்ணி வெச்சுக்கிட்டு ஆடறாங்க. கலர் பல்ப் வேற. ஏன், நிஜ ராத்திரி இல்லையா இந்த ஊர்லன்னு நானும் கேட்டேன். இருக்கு ஆன்ட்டி, ஆனா ராத்திரி எட்டரைக்கு எல்லாரும் அவங்கவங்க வீட்ல தட்டு முன்னாடி உக்காரணுமேங்கறான். ஒருத்தனுக்கு அம்மா கேப்பா, ஒருத்தனுக்குப் பொண்டாட்டி கேப்பா, இன்னொருத்தனுக்கு ஹாஸ்டல் கேட்டைப் பூட்டிடுவாங்க. பார்ல கூடினா போலீஸ் வந்து நிக்கும். அதனால ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டுலேர்ந்து ஆறு வரைக்கும் ராத்திரி. ஆறு மணிக்குக் கம்பளியை உருவினா விடிஞ்சு போச்சு. கூலிங் க்ளாஸ் மாட்டிக்கிட்டு ஆபீஸ் ஃபைல் மாதிரி வெறைப்பா நடந்து போவாங்க பாருங்க, எனக்குச் சிரிப்பு அடங்காது.

ஆம்பளைங்க மட்டும்தான். ஆமா. நீங்க என்ன நினைச்சு வந்தீங்களோ அதேதான் சார், நான் மூடி மறைக்கல. ஆம்பளைங்களும் ஆம்பளைங்களும்.

தண்ணி குடிங்க.

நான் யாருன்னு சொல்லவே இல்லையே. ராஜலக்ஷ்மி. இந்த வீடு எங்க மாமனார் கட்டினது, மைசூர் சர்க்கார்ல சிரஸ்தாரா இருந்தவர். எங்க வீட்டுக்காரர் பி.டபிள்யூ.டி.ல இருந்து காலமாயிட்டார். நான் முப்பது வருஷம் பொம்பளப் புள்ளைங்க காலேஜ்ல இங்க்லீஷ் நடத்தினேன். ஓஸ்வால்ட் என் மாடில குடியிருக்கான், இதோட அஞ்சு வருஷம் ஆச்சு. பெரிய ஹோட்டல்ல பார்ல ஊத்திக் கொடுக்கிற வேலை. ஞாயித்துக்கிழமை லீவு. லீவு நாள்லயும் அதே வேலையைத்தான் பண்றான், என்ன ஜென்மமோ. அந்தப் போட்டோவா? என் பையன் பிரஹ்லாத். பக்கத்துல மருமக ரக்ஷா. நடுவுல பேத்தி. இப்ப ஹைதராபாத்துல இருக்காங்க. ஆமா, ஒரே பையன்.

வந்துட்டான். இவன்தான் ஓஸ்வால்ட். அங்க டீப்பாய் மேல வைப்பா. எல்லாருக்கும் கொடுத்தாச்சா? சரி, நீ போ. பின்னாடி இரும்புப் படி வழியாவே போ, என் ஃப்ரிட்ஜ்லேர்ந்து பால் எடுத்தா மூடி வெச்சுட்டுப் போ. குடிங்க சார். வெயில்ல வந்திருக்கீங்க. எப்படி இருக்கு? ரொம்ப இனிப்பா? அவன் கை அப்படித்தான், சிரப்பை அள்ளி ஊத்துவான். பரவால்ல, மெதுவாக் குடிங்க. அவசரம் என்ன.

நீங்க குடிப்பீங்களா சார்? சும்மா கேட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க வீட்டுக்காரர் குடிப்பார். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பெக் விஸ்கி, தண்ணி, நாலு முந்திரி. குடிக்கிறவன் குடிச்ச மாதிரி இருக்கும். இவங்க குடிக்கிறது குடியா? அது வளைகாப்பு. ஒவ்வொரு க்ளாஸுக்கும் ஒரு அலங்காரம். ஒண்ணுக்கு வாயைச் சுத்தி உப்பு தடவறான். மாங்காய்க்குத் தடவுவோமே, அதே உப்பு. இன்னொண்ணுல காகிதக் குடை. க்ளாஸுக்குள்ள என்ன மழையா பெய்யுது? ஒண்ணுக்குப் பேரு லாங் ஐலண்ட் டீ. டீத்தூள் ஒரு சிட்டிகை கிடையாது அதுல. ஜின், ரம், வோட்கா, கைக்கு எட்டினதையெல்லாம் ஊத்திட்டு டீன்னு பேரு வைக்கறான். கேள்விக்கு விடை தெரியாத புள்ளைங்க தெரிஞ்சதெல்லாம் எழுதி ரெண்டு பக்கத்தை ரொப்பி வைக்கும் பாருங்க, அந்த மாதிரி ஒரு பானம். நான் அதுக்கெல்லாம் மார்க் போட்டதே இல்ல.

இன்னொண்ணு, ப்ளடி மேரி. தக்காளிச் சாறு, மிளகு, எலுமிச்சம்பழம். ஒரு நாள் என் ரசப்பொடி டப்பாவைக் காணோம். தேடினா மாடில இருக்கு. என்னடா இதுன்னா, ஆன்ட்டி, இதைப் போட்டப்புறம்தான் அதுக்கு உயிரே வந்துச்சுங்கறான். எங்க மாமியார் சொல்லிக் கொடுத்த பொடி சார் அது. வெங்காயம் கூட வெள்ளிக்கிழமை நறுக்க விடாதவங்க. மேல இருந்து பாத்துக்கிட்டு இருப்பாங்க, அவங்க ரசத்துல வோட்கா ஊத்தி நடுவுல ஒரு செலரித் தண்டைச் சொருகி வெச்சிருக்கறதை. அந்தத் தண்டும் இந்த ஊர்ல சுலபமாக் கிடைக்காது. கீரைத் தண்டைத்தான் சொருகறான்.

சிவப்பா ஒண்ணு இருக்கு, காஸ்மோபாலிட்டன். அதுக்கு ஏதோ வெளிநாட்டுப் பழம் வேணுமாம். அது கிடைக்காம தேவனஹள்ளிக் கறுப்புத் திராட்சையைப் பிழிஞ்சு ஊத்தறான். இந்தப் பசங்க கண்ணை மூடி உறிஞ்சிக்கிட்டு, நியூயார்க்குல நிக்கிற மாதிரி ஒரு முகம் வெச்சுக்குவாங்க. கீழ சந்துல கீரைக்காரி கூவிக்கிட்டுப் போறது காதுல விழும். விழாத மாதிரி இருப்பாங்க.

யாரோ இறங்கறாங்க. இல்ல, உங்க பையன் இல்ல. இது வேற. வாப்பா, கிளம்பிட்டியா? சரி, பாத்து இறங்கு, கடைசிப் படி உடைஞ்சிருக்கு. பாத்தீங்களா சார், நொண்டி நொண்டி நடக்கறதை? இவனுக்கு அப்பா அம்மா வெச்ச பேரு ஆதிகேசவன். எவ்வளவு அழகான பேரு. நாலு வருஷம் அமெரிக்கா போய்ட்டு வந்து ஆடி ஆயிட்டான். ஆவணி ஆக எத்தனை நாள் ஆகுமோ. வந்தா ஓஸ்வால்ட் உயிரை எடுத்துடுவான். மார்ட்டினியைக் குலுக்காதே, கலக்கு. ஆலிவ் ரெண்டு போடாதே, ஒண்ணு போடு. ஆலிவ்னா என்னன்னு பாத்தேன், உப்புத் தண்ணில ஊறின இலந்தம்பழம் மாதிரி ஒண்ணு. அந்த ஒண்ணை வெச்சுக்கிட்டு ஒண்ணரை மணி நேரம் க்ளாஸைக் கையில ஏந்தி நிப்பான், கல்யாண வரவேற்புல சந்தனப் பேலா ஏந்தி நிக்கற மாதிரி. கால் எப்படி ஊனமாச்சுன்னு கேக்கறீங்களா? பின்னாடி காம்பவுண்டுச் சுவர் ஏறிக் குதிச்சான். எதுக்குக் குதிச்சான்னு அப்புறம் சொல்றேன். அது ஒரு பெரிய கதை, வெங்கடகிருஷ்ணனால வந்தது.

வெங்கடகிருஷ்ணன் யாருன்னா, பாங்க்ல ஆபீசர். கல்யாணம் ஆகி ரெண்டு புள்ளைங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் வீட்ல பஜனை மண்டலின்னு சொல்லிட்டு வர்றவன். வயித்துல புண்ணு, ஒரு சொட்டு தொட மாட்டான். ஓரமா உக்காந்து மத்தவங்க ஆடறதைப் பாத்துக்கிட்டு, நாலு மணி நேரமும் வெறும் சோடா. ஆறு மணிக்கு விபூதி பூசிக்கிட்டுக் கிளம்புவான். அந்த விபூதிப் பொட்டலத்தைச் சட்டைப் பையிலயே வெச்சிருப்பான். இந்த மாதிரி ஆளைப் பாத்து எரிச்சல் வருமா, அழுகை வருமா உங்களுக்கு? எனக்கு ரெண்டும் வருது, அதனாலயே கூடுதலா எரிச்சல் வருது.

உங்க பையனா? அவன் என்ன குடிப்பான்னு கேக்கறீங்களா. அப்பா கேக்கற கேள்வி. ஒண்ணும் பெரிசாக் குடிக்க மாட்டான் சார். ஒரு பீர் எடுத்தா கடைசி வரைக்கும் அதே பீர். எல்லாரும் போனப்புறம் க்ளாஸெல்லாம் கழுவிக் கவுத்து வெச்சுட்டுப் போவான். உப்பு தடவின க்ளாஸைத் தனியாக் கழுவுவான். வீட்லயும் அப்படியா? அம்மா இல்லாத வீடா? அடப் பாவமே. எத்தனை வருஷம் ஆச்சு? அப்ப அவன்தான் உங்களுக்குச் சமைச்சுப் போட்டிருப்பான்.

என்ன, போன் பண்ணிப் பாக்கறீங்களா? பண்ணுங்க. நல்ல போனா இருக்கே. அவன் வாங்கிக் கொடுத்ததா? ம்.

அது... அது ஓஸ்வால்ட் போன் சார். சமையக்கட்டுல வெச்சுட்டுப் போயிருப்பான். இந்தக் காலத்துல எல்லாப் போனும் ஒரே குயில் கூவற மாதிரி கூவுது, யாருதுன்னு யாருக்குத் தெரியும். நீங்க வெச்சதும் அதுவும் நின்னுடுச்சா? அப்படியா. தற்செயல்தான். விடுங்க, பஸ்ல இருப்பான், சத்தத்துல கேட்டிருக்காது. நான்தான் சொல்றேனே, வருவான்.

அந்த இன்விடேஷனைக் காட்டுங்க. நல்ல மஞ்சள். வித்யாலட்சுமி. எம்.எஸ்ஸி., பி.எட். ஆம்பூர்ல ஸ்கூல் டீச்சரா? அந்தப் பொண்ணுகிட்ட இவனைப் பத்திச் சொல்லியாச்சா? எதைப் பத்தின்னு கேக்கறீங்க. சரி, கேக்கல. கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் போயிடும், யார் சொன்னது? ஜோசியரா. டாக்டர் கூடவா? பெரிய டாக்டர்தான்.

வெளில சுமோல இருக்கறது உங்க மச்சானா? கூட ரெண்டு தடிப்பசங்க? ஓ, அண்ணன் புள்ளைங்க. கடலை உரிச்சு என் கேட்டுக்கு முன்னாடியே தொலி போடறாங்க. தூக்கிட்டுப் போறதுக்குத்தானே ஆள் கூட்டி வந்திருக்கீங்க? இல்ல, தப்புன்னு சொல்லல. பெத்தவங்களுக்கு எல்லா உரிமையும் இருக்கு. அவங்க கண்ணு கேட்டை விட்டு நகராமப் பாத்துக்குவாங்கல்ல? அது போதும். நீங்க நிம்மதியா உக்காருங்க.

ஓஸ்வால்ட்! இன்னொண்ணு கொண்டா! அட, இருக்கட்டும் சார், தொண்டை காஞ்சு போயிருக்கு உங்களுக்கு. உள்ள ஸ்பூன் சத்தம் கேக்குது பாருங்க, வேலையை ஆரம்பிச்சுட்டான். இன்னிக்கு என்னமோ ரொம்ப நேரமாக் கலக்கறான்.

நானா? நான் ஏன் இதையெல்லாம் வீட்ல விட்டு வெச்சிருக்கேன்னு கேக்கறீங்க. நியாயமான கேள்வி. பக்கத்து வீட்டு லட்சுமம்மா அஞ்சு வருஷமா இதையேதான் கன்னடத்துல கேக்கறாங்க. ஏன்ரீ டீச்சர், இதெல்லாம் பேக்கா, வேணுமா உங்களுக்குங்கறாங்க. எனக்கு ஒண்ணும் இவங்க மேல பெரிய பிரியம் கிடையாது சார். ஆட்டம் பிடிக்காது. பாட்டு பிடிக்காது. செண்ட்டு வாசனை கீழ ஹால் வரைக்கும் இறங்கி வந்து உக்காந்துக்கும். இன்னொருத்தன் தன்னைப் பாக்கலன்னு மூணாவது க்ளாஸுல ஒருத்தன் அழுவான். அவனைத் தேத்த நாலு பேர் பாத்ரூம் வாசல்ல நிப்பாங்க. அடுத்த வாரம் அழுதவன் தேத்துவான், தேத்தினவன் அழுவான். முறை வெச்சுக்கிட்டு அழுவாங்க.

எல்லாத்தையும் விட எனக்குத் தாங்காதது அந்தச் சிரிப்புதான். மேலேர்ந்து வருமே. கேட்டீங்களா இப்ப? பத்துப் பேர் ஒண்ணா, தலையைப் பின்னால சாய்ச்சு. வீட்ல, ஆபீஸ்ல, கோயில்ல, வாரம் பூரா எங்கயும் சிரிக்காததையெல்லாம் சேத்து வெச்சு நாலு மணி நேரத்துல சிரிச்சுத் தீக்கற சிரிப்பு. அது கேட்டா நான் ரேடியோவைப் போட்டுக்குவேன். செய்தி, உழவர்களுக்கு, எது வந்தாலும்.

கொண்டா இங்க. சாருக்குக் கொடு. என்னப்பா ஓஸ்வால்ட், முகம் ஏன் இப்படி இருக்கு? சரி, சரி, போ. நான் பாத்துக்கறேன். குடிங்க சார். என்ன? இனிப்பே இல்லையா? கலர் கூட வெளிறித்தான் இருக்கு. சிரப் தீந்து போயிருக்கும், கழுவி ஊத்தியிருப்பான். பரவால்லன்னா குடிங்க, வேற கேக்கட்டுமா? வேணாமா. சரி.

எதுல விட்டேன்? ஆங், சிரிப்பு.

உங்களை மாதிரி தேடிக்கிட்டு வர்றவங்க நிறையப் பேர் உண்டு சார். நீங்க மட்டும் இல்ல. தொண்ணூத்தொண்ணுல ஒரு அம்மா வந்தா. இந்த வீட்டுக்கு இல்ல, அப்ப காக்ஸ் டவுன்ல ஒரு வீட்ல கூடுவாங்க. அந்தம்மா பெரிய படிப்பாளி. கஞ்சி போட்ட காட்டன் புடவை, கண்ணாடி, கையில பை, பையில பையன் போட்டோ. கூட அவ தம்பி, அவனும் வாசல்ல கார்ல. காலேஜ்ல மில்டனும் கீட்ஸும் நடத்தறவ, மனுஷ மனசைப் பத்தி அரை மணி நேரம் பேசினா புள்ளைங்க நோட்டுல எழுதிக்கும். அவ்வளவு கெட்டிக்காரி. உள்ள நுழைஞ்சா. ஊத்திக் கொடுத்துக்கிட்டிருந்த பையனுக்கு அப்ப இருபத்திரெண்டு வயசு இருக்கும், ஒரு அம்மாவைப் பாத்ததும் என்ன பண்றதுன்னு தெரியல. மது இல்லாதது அங்க ஒண்ணே ஒண்ணுதான் இருந்தது. அதைக் க்ளாஸுல ஊத்திக் கையில கொடுத்து, உக்காருங்க ஆன்ட்டின்னுட்டான். அவளும் வாங்கிக்கிட்டா. தாகம். குடிச்சுக்கிட்டே, க்ளாஸ் விளிம்புக்கு மேல கண்ணை ஓட்டித் தேடினா.

பையன் ஜன்னல் கிட்ட நின்னான். கையில காகிதக் குடை வெச்ச க்ளாஸ். யாரோ என்னமோ சொல்ல, தலையைப் பின்னால சாய்ச்சுச் சிரிச்சான். பெத்து இருபத்தாறு வருஷம் வளத்தவளுக்கு அந்தச் சிரிப்பைத் தெரியாது. இது யார் புள்ளைன்னு ஒரு நிமிஷம் நினைச்சுட்டா. சிரிச்சு முடிச்சுத் திரும்பினவன் அவளைப் பாத்தான். கத்தல, ஓடல. க்ளாஸை மெதுவா ஜன்னல் கட்டைல வெச்சான். குடை விழுந்துது, எடுத்துத் திரும்பச் சொருகி வெச்சான். கையைக் கர்ச்சீப்புல துடைச்சுக்கிட்டு வந்து, போலாம்மான்னான். அவ்வளவுதான் சார். ஒரே ஒரு வார்த்தை.

அந்தம்மாவுக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? கார்ல வர்றப்ப தம்பிகிட்டச் சொன்னா, பாத்தியா, என் வளர்ப்பு, ஒரு சொல் எதுத்துப் பேசலன்னு. தொண்ணூத்திரெண்டு தை மாசம் கல்யாணம். அவன் இப்ப வருஷத்துக்கு ஒரு தடவை தீபாவளிக்கு வர்றான். கால்ல விழறான். மாத்திரை போட்டுக்கிட்டியான்னு கேக்கறான். பேத்தியை மடில உக்கார வெக்கறான். மூணாம் நாள் கிளம்பிப் போறான். எல்லாம் முறையா நடக்குது, ஒரு குறை சொல்ல முடியாது. பதினோரு வருஷமா என் முகத்தைப் பாத்துப் பேசினதில்ல. நெத்தியைப் பாப்பான். தோளைப் பாப்பான்.

ஆமா சார். அந்தப் போட்டோல இருக்கற பிரஹ்லாத்தான்.

மருமக ரக்ஷா நல்ல பொண்ணு. போன வருஷம் சமையக்கட்டுல முறுக்குப் புழிஞ்சுக்கிட்டே கேட்டா, அத்தே, உங்களுக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியுமான்னு. என்னதுன்னேன். ஒண்ணுமில்லன்னுட்டு நாழியைத் திருப்பிக்கிட்டா. அதோட சரி. அந்தக் கேள்வி அந்த எண்ணெய்ச் சட்டிலயே கிடக்கு, நான் இன்னும் பதில் எடுக்கல.

மணி என்ன சார்? அஞ்சு இருபதா. என் கண்ணாடி இங்கதான் எங்கயோ வெச்சேன். சரியாச் சொல்லுங்க, அஞ்சு இருபதுதானே? சரி.

வெங்கடகிருஷ்ணன் கதையைச் சொல்றேன்னேனே. போன வருஷம், வயித்து எரிச்சல் தாங்காம, ஓஸ்வால்ட்டு, எனக்குக் கொஞ்சம் ரோஸ் மில்க் கிடைக்குமான்னு கத்திட்டான். அவ்வளவுதான். ஒரு நிமிஷத்துல மாடி காலி. பதினெட்டுப் பேர் இரும்புப் படில உருண்டு புரண்டு இறங்கினாங்க. பின்னாடி குப்பை அள்ற கன்சர்வன்சி சந்துக்குப் போற கதவு அன்னிக்குப் பூட்டியிருந்தது. ஆதிகேசவன் சுவர் ஏறிக் குதிச்சுக் கணுக்காலை உடைச்சுக்கிட்டான். மார்ட்டினி க்ளாஸைக் கையில பிடிச்சுக்கிட்டே குதிச்சிருக்கான் சார், ஆலிவ் கூட உள்ளயே இருந்துதாம். அப்புறம் பாத்தா, கேட்டது வெங்கடகிருஷ்ணன்.

புரியலையா? எங்கயும் பார்ட்டில யாரும் ரோஸ் மில்க் கேக்க மாட்டாங்க சார். தேடிக்கிட்டு வர்ற அப்பா, அம்மா, மாமா, இவங்களுக்குத்தான் அது. தொண்ணூத்தொண்ணுல ஒரு அம்மா அதைக் குடிச்ச நாள்லேர்ந்து ஓஸ்வால்ட் அப்படிப் பழக்கி வெச்சிருக்கான். ரோஸ் மில்க்னு குரல் கேட்டா பாட்டைக் குறைக்கணும். ஒவ்வொருத்தனா பின்படில இறங்கி, அந்தச் சமையக்கட்டுத் திரை இருக்கே, அதோ உங்களுக்கு நேரா, அதோட இடுக்குல எட்டிப் பாக்கணும். வந்திருக்கறது யாரோட ஆளோ அவன் பின்சந்து வழியாப் போயிடுவான். மத்தவங்க மேல போய் ஆட்டத்தைத் தொடரணும், சத்தமாச் சிரிக்கணும், ஒண்ணும் நடக்காத மாதிரி. இந்த வீட்டுக்கு வந்தப்புறம் குரல் கொடுக்கற வேலை என்னுது. வீடு வாடகைக்குன்னு போர்டைப் பாத்துட்டு வந்தான் ஓஸ்வால்ட். கதவைத் திறந்தது நான்னு பாத்ததும் திரும்பிப் போகப் பாத்தான். நான்தான் சாவியை நீட்டினேன்.

உக்காருங்க சார். எழுந்து என்ன பண்ணப் போறீங்க? அவன் போய் அரை மணி நேரத்துக்கு மேல ஆச்சு. யஷ்வந்த்பூர் ஸ்டேஷன் இங்கேர்ந்து ஆட்டோல கால் மணி. எந்த வண்டின்னு கேக்காதீங்க, எந்த ஊருன்னும் கேக்காதீங்க. எனக்கும் தெரியாது. மத்தியானம் வந்தப்பவே சொல்ல வந்தான், சொல்லாதேன்னுட்டேன். மச்சானைக் கூப்பிடுங்க, தாராளமா உள்ள வந்து தேடட்டும், செருப்பைக் கழட்டிட்டு வரச் சொல்லுங்க.

ஆமா, பொய்தான் சொன்னேன். வரலன்னது பொய். அடிச்சது அவன் போன்தான். ஆனா அந்த லாங் ஐலண்ட் டீயைப் பத்தி நான் சொன்னதுல ஒரு எழுத்து பொய் இல்ல. நிஜமாவே எனக்கு இவங்களோட குடியும் ஆட்டமும் பிடிக்காது. பிடிச்சாத்தான் கதவைத் திறந்து விடணுமா?

வெள்ளிக்கிழமை கழிச்சு உங்களுக்குப் போன் பண்றேன்னு ஓஸ்வால்ட்கிட்ட அப்பவே சொல்லியிருக்கான். எடுங்க. அந்த வித்யாலட்சுமி வீட்டுக்கு இன்னிக்கே சொல்லிடுங்க, அந்தப் பொண்ணு முறுக்குப் புழியற வரைக்கும் காத்திருக்க வேணாம்.

திட்டணும்னா என்னைத் திட்டுங்க சார். அவனைத் திட்டாதீங்க. போறவன் நேராப் போயிருக்கலாம், பின்கதவு திறந்தேதான் இருந்தது. போகல. இந்த ரெண்டாவது க்ளாஸை யார் கலக்கினதுன்னு நினைக்கறீங்க? ஓஸ்வால்ட் கையில சிரப் என்னிக்குமே குறையாது. பத்தடி தள்ளி, அந்தத் திரைக்குப் பின்னால நின்னு, கலருக்கு மட்டும் ஒரு சொட்டு விட்டுக் கலக்கியிருக்கான். உங்களுக்குச் சர்க்கரைன்னு நீங்க என்கிட்டச் சொல்லவே இல்லையே சார்.

குடிச்சு முடிங்க. அடியில கொஞ்சம் இருக்கு.